மூன்றாவது கதவு: சிசிலித் தீவின் திருநாள்களும் பந்திகளும்



இத்தொடரில் பிறநாட்டு நூல்களைப் பற்றியே பெரும்பாலும் பேசி வந்திருக்கிறேன். இன்று ஒரு தீவின் திருநாள்களையும் அந்நாள்களில் அங்கு பரிமாறப்படும் உணவையும் பற்றிப் பேசப்போகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் சாப்பாட்டுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். வெர்கா, லம்பெதூசா, ஷாஷா, கமில்லேரி போன்ற எழுத்தாளர்களைத் தந்த சிசிலியில், திருவிழாவையும் பந்தியையும் விட்டுவிட்டு இலக்கியத்தை மட்டும் புரிந்துகொள்ள முடியாது என்பது எனது அபிப்பிராயம்.

இத்தாலியின் தென்கோடியில், மத்தியதரைக் கடலின் நடுவே முக்கோண வடிவில் கிடக்கும் பெருந்தீவு சிசிலி. இத்தாலியின் தன்னாட்சிப் பிராந்தியங்களுள் ஒன்று. தலைநகர் பலேர்மோ. ஆபிரிக்கக் கரையிலுள்ள துனீசியாவுக்கும் அதற்கும் இடையே சுமார் 150 கிலோமீற்றர் கடல்தான். இந்தக் கடலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிசிலிக்குப் பஞ்சத்தில் உணவு வந்ததும், கொள்ளைநோய் வந்ததும், அந்நியர் வந்ததும் இக்கடல் வழியாகத்தான்.

ஒரு கடிதம்

1992ஆம் ஆண்டு டிசெம்பரில் எழுதப்பட்டு, அடுத்த வருடம் சித்திரை பிறந்த பின்னரே யாழ்ப்பாணத்தில் என் கைக்குக் கிடைத்த ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். எழுதியவன் என் சின்னம்மாவின் மகன். எனக்குத் தம்பி முறை. 1989இல் பலேர்மோவுக்குப் போய், அங்கே தனித்து வாழ்ந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் வேலைக்கு அமர்ந்திருந்தான். அவன் எழுதியிருந்தான்:

"அண்ணை, இன்றைக்கு இங்கே ஒரு புதினம். இந்த ஊர்ச் சனம் இன்று பாணும் தொடாது, பஸ்தாவும் தொடாது. கிழவி விடிய எழும்பி, அவித்த கோதுமையைப் பாற்கட்டியோடு குழைத்து எனக்கும் ஒரு கிண்ணம் தந்தா. ஏன் என்று கேட்டேன். முன்னொரு காலம் பஞ்சம் வந்ததாம். அதை மறக்கக்கூடாதாம்."

அப்போது எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு. கோதுமை மா வந்தால் வந்த நாள்தான். ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் ஒளியில் நான் கடிதத்தை உரக்க வாசித்தேன். சின்னம்மா கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பஞ்சத்தை மறக்காத சனம் என்ர பிள்ளையைப் பசியோட விடாது."

தாய் மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன வார்த்தைதான் அது. ஆனால் அந்த வார்த்தை உண்மைதானா என்ற கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. பஞ்சத்தை நினைவில் வைத்திருக்கும் மக்கள் பிறர் பசியையும் அறிவார்களா? அதைத் தேடித்தான் சிசிலியைப் பற்றி வாசித்தேன். பின்னர் 2018இல் நேரிலும் சென்று பார்த்தேன்.

கோதுமைக் கப்பல்

என் தம்பி கண்ட அந்த நாள் டிசெம்பர் 13, புனித லூசியா திருநாள். சிரக்கூசா நகரில் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதசாட்சியாக மரித்த கன்னிப் பெண் இவர். கண்பார்வைக்குக் காவலாக மக்கள் வேண்டிக்கொள்ளும் புனிதை. 1646ஆம் ஆண்டில் சிசிலியைக் கடும் பஞ்சம் வாட்டியது. மக்கள் லூசியாவை நோக்கி மன்றாடினார்கள். அவருடைய திருநாளன்று கோதுமை ஏற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததாம். பசியால் வாடியவர்களுக்கு அதை அரைத்து மாவாக்கப் பொறுமை இல்லை. தானியத்தை அப்படியே அவித்து உண்டார்கள் என்பது ஐதீகம். பலேர்மோ, சிரக்கூசா ஆகிய இரு நகரங்களும் இக்கதையைத் தத்தம் கதையாகவே சொல்லிக்கொள்கின்றன.

கப்பல் கதை ஐதீகமாக இருக்கலாம். பசி ஐதீகம் அல்ல. அடுத்த ஆண்டே, 1647இல், பலேர்மோ மக்கள் பாணுக்காகக் கிளர்ந்தெழுந்தார்கள் என்பது சரித்திரம்.

இன்றும் டிசெம்பர் 13இல் பலேர்மோவாசிகள் பாணையும் பஸ்தாவையும் தவிர்க்கிறார்கள். முன்கூட்டியே சில நாள்கள் ஊறவைத்த கோதுமையை அவித்து, ரிக்கொத்தா என்னும் மென்மையான பாற்கட்டியும் சீனியும் கலந்து உண்கிறார்கள். இதற்குக் 'குச்சியா' என்று பெயர். ஏழைகள் வீட்டிலும் சில கிராமங்களிலும் கடலையும் உப்பும் சேர்த்து அவித்ததே குச்சியா. இதனோடு கடலைமாவில் பொரித்த 'பனெல்லே', சோற்றை உருட்டி உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்த 'அரன்சீனா' ஆகியவையும் உண்டு. அரன்சீனா என்றால் சின்னத் தோடம்பழம். பலேர்மோவில் இந்தச் சொல் பெண்பால். தீவின் மறுபக்கத்துக் கத்தானியாவில் அதே பண்டம் 'அரன்சீனோ' என்று ஆண்பால். எது சரி என்று இரு நகரத்தாரும் ஓயாமல் வாதாடுகிறார்கள். உருண்டையின் மேலே பூசப்பட்டிருப்பது பாண்தூள் என்பதை மட்டும் அன்று இரு தரப்பாரும் பேசுவதில்லை.

விரதம் என்ற பெயரில் வயிறு நிரம்ப உண்கிறார்களே என்று சிரிக்கத் தோன்றும். ஆனால், மாவைத் தொடாத ஒரு நாளில் குழந்தை கட்டாயம் கேட்கும்: ஏன் இன்று பாண் இல்லை? பாட்டி பதில் சொல்வாள். முந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இந்தக் கேள்வியும் பதிலும் சமையலறைகளில் நடந்து வருகின்றன.

மருத்துவர் ஒருவரின் குறிப்பேடு

இவற்றையெல்லாம் நாம் இன்று அறிவதற்கு ஒரு மருத்துவருக்கு நன்றி சொல்லவேண்டும். ஜுசெப்பே பித்ரே (1841–1916) பலேர்மோவில் ஏழை மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர். நோயாளிகளைக் காணக் குதிரை வண்டியில் போகும் வழியிலேயே பழமொழி, கதை, பாடல், விழா வழக்கம் என்று எழுதி வைத்தார். சிசிலிய மக்கள் மரபுகளை அவர் 25 தொகுதிகளாக வெளியிட்டார். 1881இல் வந்த நூலொன்று மக்கள் விழாக்களுக்கென்றே எழுதப்பட்டது. படித்தவர்கள் நாட்டாருடைய வழக்கங்களை மூடத்தனம் என்று ஒதுக்கிய காலத்தில், இவர் அவற்றை ஒரு மக்கள் கூட்டத்தின் மனம் என்று கண்டார்.

அதே 1881இல்தான் ஜொவான்னி வெர்கா, கடற்றொழிலாளர் குடும்பமொன்றின் வீழ்ச்சியைச் சொல்லும் 'மலவோல்யா குடும்பம்' நாவலை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் வந்த 'புனிதர்களின் போர்' என்ற அவரது சிறுகதையில், ஒரே ஊரில் ஒரு பகுதியார் புனித ரொக்கோவுக்கும் மறு பகுதியார் புனித பஸ்குவாலுக்கும் விழா எடுத்து, சுருவப் பவனியிலேயே அடிதடியில் இறங்குகிறார்கள். மணம் பேசிய ஒரு சோடியும் இதனால் பிரிகிறது. பிறகு வறட்சியும் கொள்ளைநோயும் வர, எல்லோருக்கும் ஒரே வயிறு, ஒரே உயிர் என்பது தெரிகிறது. வெர்கா விழாவை அழகுபடுத்தவில்லை. விழா மக்களைச் சேர்க்கும், பிரிக்கவும் செய்யும் என்பதை அன்றே சொல்லிவிட்டார்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது லம்பெதூசாவின் 'சிறுத்தை' நாவல். ஆசிரியர் இறந்த மறு ஆண்டு, 1958இல் வெளிவந்தது. அதில் இளவரசரின் மேசைக்கு வருகிற மக்கரோனிப் பொதியை வாசித்தவர்கள் மறக்கமாட்டார்கள். மேலோட்டை உடைத்ததும் சீனியும் கறுவாவும் மணக்க, உள்ளே கோழியும் முட்டையும் நிறைந்திருக்கும். பிரபுவுக்கு அது ஓர் இரவுச் சாப்பாடு. குடியானவனோ அப்படியொரு மேசையைத் தன் ஆயுளில் காண்பதென்றால் அது திருநாளில் மட்டுமே நடக்கும். அந்தத் திருநாள்தான் மார்ச் 19.

கதவைத் தட்டும் மூவர்

மார்ச் 19 புனித சூசையப்பர் திருநாள். அது தபசுகாலத்தில் வருவதால் இறைச்சி இல்லை. ஆனால் மேசை நிறையும். நோய் தீர்ந்ததற்கோ, பிள்ளை திரும்பி வந்ததற்கோ நேர்த்திக்கடன் வைத்த குடும்பம் சூசையப்பருக்கு ஒரு பந்தி விரிக்கும். பழைய முறைப்படி அதற்கான பொருள்களைப் பணக்காரரும் வீடுவீடாகச் சென்று பிச்சை கேட்டே சேர்க்கவேண்டும். கேட்டு வாங்குபவனின் கூச்சம் எப்படிப்பட்டது என்று ஒரு நாளாவது அறியத்தான் இந்த ஏற்பாடு போலும்.

நான் இதைக் காணச் சென்றது மேற்குச் சிசிலியில் திராப்பனி மாகாணத்திலுள்ள சலேமி என்ற மலையூருக்கு. 1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கை உலுக்கிய பூகம்பத்தில் சேதமடைந்த ஊர்களுள் அதுவும் ஒன்று. வீட்டுக்குள் மரச்சட்டம் கட்டி, அதில் நறுமண இலைக் கொத்துகளையும் தோடை, எலுமிச்சைகளையும் செருகி, சிறு பாண்களைத் தொங்கவிட்டுப் பீடம் அமைக்கிறார்கள். ஒவ்வொரு பாணும் ஓர் உருவம். சூரியன், சந்திரன், மயில், மீன், பூ, சூசையப்பரின் தச்சு ஆயுதங்கள் என்று பெண்கள் பல நாள்களாகக் கத்தியும் சீப்பும் கொண்டு செதுக்கியவை. சுட்டு எடுத்தபின் யானைத்தந்த வேலைப்பாடு போல மின்னுகின்றன.

விருந்தாளிகள் மூவர். திருக்குடும்பமாக அமரும் பிள்ளைகள். முற்காலத்தில் ஊரின் மிக ஏழைகளையே தேடி அழைப்பார்களாம். இவர்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். உள்ளிருந்து "யார்?" என்ற குரல். சூசை, மரி, இயேசு என்கிறார்கள். இங்கே இடமில்லை, போங்கள் என்கிறது குரல். மறுபடி தட்டுகிறார்கள். மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறை தட்டியபோதுதான் கதவு திறக்கிறது. பல ஊர்களில் மூன்று வெவ்வேறு வீடுகளின் கதவுகளைத் தட்டுவார்கள். மூன்றாவது வீட்டில்தான் பந்தி இருக்கும்.

உள்ளே வந்ததும் வீட்டுத் தலைவர் பிள்ளைகளின் கைகளைக் கழுவித் துடைத்தார். வீட்டார் நின்றபடி பரிமாறினார்கள். 101 வகை என்பது சலேமியின் மரபுக் கணக்கு. மரக்கறிப் பொரியல், மீன், முட்டை, இனிப்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு வாய்தான் பிள்ளைகள் உண்கிறார்கள். அதன்பின் பாண்தூளும் சீனியும் கறுவாவும் தூவிய நூடில்ஸ் போன்ற பஸ்தா, வந்த எல்லாருக்கும் வழங்கப்படுகிறது. பாற்கட்டி வாங்க வழியற்றவன் காய்ந்த பாணை இடித்துத் தூவிய பழக்கம் இது. அது தச்சனின் மரத்தூள் என்று மக்கள் சொல்கிறார்கள். வறுமைக்குக்கூட ஒரு கௌரவமான விளக்கம் கொடுத்துவிட்டார்கள்.

என் பக்கத்தில் தம்பி நின்றான். கதவு திறந்ததும் என் காதருகில், "அண்ணை, எனக்கு மூன்றாவது கதவு திறக்க ஐந்து வருஷம் எடுத்தது" என்றான். வாடகைக்கு அறை தேடி அலைந்த நாள்களைச் சொன்னான் என்று விளங்கியது. கறுப்பருக்கு வீடில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன வீட்டுக்காரர்களும் தங்கள் மேசையில் சூசையப்பரை வைத்திருந்தவர்கள்தான். சின்னம்மாவின் வார்த்தைக்கு அங்கே ஒரு கீறல் விழுந்தது.

கொள்ளைநோயும் குகையும்

1624 மே மாதம் துனீசிலிருந்து வந்த ஒரு கப்பலோடு பலேர்மோவுக்குக் கொள்ளைநோய் வந்தது. அதே ஆண்டு ஜூலை 15இல், நகருக்கு மேலே நிற்கும் பெல்லெக்ரீனோ மலைக் குகையில் சில எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரபு குடும்பத்தைத் துறந்து தவம் செய்த ரொசாலியாவின் திருப்பண்டங்கள் அவை என்று நம்பினார்கள். 1625 ஜூனில் அவற்றை நகரெங்கும் பவனியாக எடுத்துச் சென்றபின் நோய் தணிந்ததாம். அச்சமயம் நகரில் இருந்த வன் டைக் என்ற பிளெமிய ஓவியர் வரைந்த ரொசாலியா ஓவியமொன்று இன்று நியூயோர்க் மெற்ரோபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது.

ஆண்டுதோறும் ஜூலை 14 இரவில் ரொசாலியாவின் தேர் பழைய நகரின் நடுவீதியால் கடலை நோக்கிப் போகிறது. 2024இல் 400ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடினார்கள். அன்றைய உணவெல்லாம் வீதியுணவு. உள்ளியும் பார்சிலி இலையும் போட்டு வதக்கிய சிறு நத்தைகள், அவித்த சோளப்பொத்தி, சாக்குக் கணவாய், வெங்காயமும் தக்காளியும் பரப்பிய தடித்த பாண், வறுத்த கடலை, வத்தகப்பழம். நத்தையைத் தோட்டிலிருந்து உறிஞ்சி எடுக்கும் ஓசையும் வாணவேடிக்கையும் சேர்ந்ததுதான் அந்த இரவு.

ஷாஷா (1921–1989) 1965இல் சிசிலியின் சமய விழாக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்; ஃபெர்டினாண்டோ ஷியானாவின் நிழற்படங்களோடு அது நூலாக வந்தது. அவரது பார்வை கசப்பானது. சிசிலியனின் விழாவில் பக்தி குறைவு, வெடிப்பு அதிகம் என்பது அவர் வாதம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டார். தனித்துக் கிடக்கும் சிசிலிய மனிதன் தன் தனிமையைவிட்டு வெளியே வருவது விழாவில்தான் என்றார்.

தனிமை சிசிலியனுக்கு மட்டும் உரியதல்ல. எண்பதுகளிலிருந்து பலேர்மோவுக்குச் சென்ற நம்மவர்கள் பல ஆயிரம் பேர். அவர்களில் கத்தோலிக்கரும் சைவரும் பேதமின்றி ரொசாலியாவின் குகைக்கு மலை ஏறுகிறார்கள். செப்டெம்பர் 4, ரொசாலியாவின் திருநாளில் மட்டுமல்ல, சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே தமிழ்க் குரல் கேட்கும். என் தம்பி சைவன். ஏன் போகிறாய் என்று கேட்டேன். "அவவும் வீட்டை விட்டு வந்தவதானே" என்றான்.

வழி தவறிய ஆத்துமாக்கள்

நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் தினம். முந்திய இரவில் குடும்பத்து இறந்தோர் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள் என்பது சிசிலிய நம்பிக்கை. சீனியில் வார்த்த வண்ணப் பொம்மைகளும், பாதாம்பருப்பை அரைத்துப் பழங்களைப் போலவே செய்த 'மர்த்தொரானா' இனிப்பும் அந்நாளுக்குரியவை. பின்னது அதே பெயருள்ள பலேர்மோ கன்னியர் மடத்தில் பிறந்தது.

கமில்லேரி (1925–2019) இந்த நாளைப் பற்றி அருமையான சிறு பதிவொன்று எழுதியிருக்கிறார். 1943இல் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கியபின் நத்தார் மரமும் அதன் பரிசுகளும் வந்தன. பிள்ளைகள் இறந்தோருக்காகக் காத்திருப்பதை மெல்ல மெல்ல விட்டார்கள். இறந்தோர் வீட்டுக்கு வரும் வழியை மறந்துபோனார்கள் என்பது அவரது துயரம். ஆயினும் இனிப்புக் கடைகளில் சீனிப் பொம்மைகள் இன்னும் நிற்கின்றன. பண்டம் மிஞ்சி, எதிர்பார்ப்புக் கரைந்துவிட்டது.

சாக்ரா என்னும் புதிய விழா

இத்தகைய ஆபத்து 'சாக்ரா' என்ற உணவு விழாக்களுக்கும் உண்டு. சாக்ரா என்பது புனிதம் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முன்னர் கோயில் அபிஷேக நாளைக் குறித்தது. இன்று ஒரு விளைபொருளின் பெயரால் நடக்கும் ஊர்த் திருவிழா. ஏப்ரல் 25இல் செர்தா ஊரில் ஆர்ட்டிசோக் என்னும் மொட்டுக்காய்க்கு விழா. எட்னா எரிமலையின் சரிவில், புரொந்தே ஊரில் பிஸ்தாவுக்கு விழா. அங்கே பிஸ்தா மரங்களில் அறுவடை ஓராண்டுவிட்டு ஓராண்டு, ஒற்றை எண் ஆண்டுகளில்தான். மரம் ஓய்வெடுக்கும் வருடத்திலும் விழா மட்டும் ஓய்வெடுப்பதில்லை. வியாபாரம் இது என்று குறை சொல்வது சுலபம். ஆனால் இளைஞர் வெளியேறிக்கொண்டிருக்கும் மலையூர்களில் விவசாயி தன் பொருளுக்கு விலை காண்பது அந்த இரண்டு மூன்று நாள்களில் என்றால், நான் குறை சொல்லமாட்டேன்.

திராப்பனிக் கரையோரத்து மீன் 'குஸ்குஸ்' இதில் கவனத்துக்குரியது. கோதுமை ரவையைக் கையால் உருட்டி ஆவியில் அவித்து மீன் சாறு ஊற்றும் இந்த உணவு வட ஆபிரிக்காவினுடையது. சன் வீத்தோ லோ காப்போ என்ற ஊரில் 1998 முதல் செப்டெம்பரில் குஸ்குஸ் விழா நடக்கிறது. பல நாட்டுச் சமையற்காரர்கள் ஒரே மேடையில் சமைக்கிறார்கள். 2013 ஒக்டோபர் 3ஆம் திகதி, சிசிலிக்குச் சேர்ந்த லம்பெதூசாத் தீவின் கரையருகே படகு ஒன்று கவிழ்ந்து 368 பேர் மாண்டார்கள். அவர்களும் ஆபிரிக்கக் கரையிலிருந்து அந்தக் கடல் வழியே வந்து கதவைத் தட்டியவர்கள். கடலில் குதித்துக் கையில் அகப்பட்டோரைக் காப்பாற்றியவர்களும் அத்தீவின் சாதாரண மக்களே.

இப்போது சின்னம்மாவின் வார்த்தைக்கு வருகிறேன். பஞ்சத்தை நினைப்பவர்கள் எல்லோரும் கதவு திறப்பதில்லை. சடங்கிலேயே இரண்டு கதவுகள் மூடித்தான் கிடக்கின்றன. ஆனால் அந்த மூடிய கதவுகளையும் ஆண்டுதோறும் எல்லார் முன்னிலையிலும் நடித்துக் காட்டி, இப்படித்தான் நாம் நடந்துகொள்கிறோம் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பண்டமும் பாட்டும் இருந்து, தட்டும் ஓசை இல்லாமல் போனால் அது சந்தை. தட்டுபவர் வரும்வரை அது திருநாள்.

சின்னம்மா இப்போது இல்லை. அந்த மூதாட்டியும் இல்லை. தம்பி பலேர்மோவில் குடும்பமாக இருக்கிறான். டிசெம்பர் 13இல் அவன் வீட்டிலும் கோதுமை மாவுக்கு இடமில்லை. அங்கே பிறந்த மகள் அதில் மிகவும் கண்டிப்பு. மனைவி அன்று அரிசிமாப் புட்டு அவிப்பாள். அது மாவா இல்லையா என்று ஆண்டுதோறும் தாய்க்கும் மகளுக்கும் வழக்கு. வழக்கு முடியுமுன் புட்டு முடிந்துவிடும் என்கிறான் தம்பி. மேல்மாடி வீட்டு இத்தாலியப் பெண்மணி குச்சியா கொண்டுவந்து கதவைத் தட்டுவாராம். ஒரே தட்டில் திறந்துவிடுகிறார்கள்.